அறுபத்தைந்து பாகை

காலை உதயதேவி அடித்துவிட்டுப் போன மாடு
சித்தாண்டித் தண்டவாளத்தோரம்
நான்கு மணிநேரம் கிடந்தது.
பொலிஸ் எழுதியது, ரயில்வே எழுதியது,
மிருக வைத்தியர் காதுப் பட்டியின் இலக்கத்தை எழுதினார்.
தூக்கத்தான் ஆளில்லை.
பத்தரைக்கு இஸ்மாலெவ்வை
சபையின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி
எங்கள் உரக்களத்துக்குக் கொண்டுவந்தார்.

“இது சந்தைக் கழிவுக்குரிய களம்” என்றேன்.
“இதுவும் கழிவுதான் தங்கச்சி. கொஞ்சம் பெரிசு.”

அடியில் ஒரு முழம் மரத்தூள்.
வயற்காரர் கொளுத்தாமல் தந்த வைக்கல்.
வாவியில் வழித்து நீர் வடியவிட்ட ஆற்றுவாழை.
மாட்டைச் சரித்துக் கிடத்தி
கால்களை மடக்கினோம், அசைபோடப் படுத்த வாகில்.
மேலே கிளிசரியா இலை, அதன்மேல் சாணம்,
திரும்பவும் வைக்கல், ஓராள் உயரம்.
தலையை மூடும்போது
இஸ்மாலெவ்வை தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மூன்றாம் நாள் கம்பி வெப்பமானி
அறுபத்தைந்து பாகை காட்டியது.
உயிரோடு நின்றபோது அந்த உடம்பு
முப்பத்தெட்டரையைத் தாண்டியிருக்காது.
விடியலில் குவியலுக்கு மேல் ஆவி.
நாய்கள் வந்தன, மோந்தன, வெறும் வாயோடு திரும்பின.
விறகில்லை, மண்ணெண்ணெய் இல்லை,
கண்ணுக்குத் தெரியாத கோடிப்பேர்
சத்தமில்லாமல் உலை வைத்துச் சாப்பிட்டார்கள்.

என் கணவர் நல்லரெத்தினத்துக்கு
மார்கழி மழைக்குள் கொள்ளி வைத்தார்கள்.
சுடலைக்குப் பெண்கள் போவதில்லை.
வீட்டு வாசலில் நின்று பார்த்தேன்,
வெள்ளையாய் எழுந்த புகை
திடீரென்று கறுத்தது.
ஈர விறகுக்கு டயர் வைத்திருக்கிறார்கள்.
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, இன்றுவரை.

புதைத்திருந்தால்?
பெட்டிக்கு வார்னிஷ்,
நரம்புக்குள் மலர்ச்சாலைக்காரன் ஏற்றிய போமலின்.
புழுவும் தீண்டாத ஒரு சாமான்.

“எங்களுக்கு ஊசியில்ல, பெட்டியில்ல,
துணியும் மண்ணும்தான்” என்றார் இஸ்மாலெவ்வை.
பிறகு அவர் பேசவில்லை.
கொரோனா வருசம்
அவருடைய மச்சானைக் கொழும்பில் எரித்தார்கள்.
நான் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைத்து முடித்த பிறகும்.

ஆறாம் மாதம் பிரித்தோம்.
அழுகல் மணம் இல்லை,
கச்சான் பிடுங்கிய குழியின் மணம்.
இடுப்பெலும்பு, பற்கள், மஞ்சள் காதுப் பட்டி.
மற்றதெல்லாம் கறுப்பு, உதிரி, இளஞ்சூடு.
மாட்டுக்காரர் கண்ணமுத்து சாக்கோடு வந்தார்.
“இதில என்ர மாடு எவ்வளவு?”
“பிரிக்க ஏலாது அண்ணன். வைக்கலும் அதுதான், இலையும் அதுதான்.”
குனிந்து ஒரு பிடி அள்ளி, பிழிந்து, விரித்துப் பார்த்தார்.
இரண்டு சாக்கு கட்டினார். கத்தரிக்கு.
காதுப் பட்டியைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்கோ சில நாடுகளில்
மனிதரையும் இப்படி வைக்கிறார்களாம், சட்டத்தோடு.
அன்றிரவு ஒரு தாளில் எழுதினேன்:
ஊசி வேண்டாம். பெட்டி வேண்டாம்.
பருத்திச் சேலை ஒன்று, நைலெக்ஸ் கூடாது.
வைக்கலைக் கறவைக்காரர்களிடம் பறிக்க வேண்டாம்,
கொளுத்தப் போகிறவர்களிடம் கேளுங்கள்.

சபைச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
“படிவத்தில இரண்டு கட்டம்தான் இருக்கு,
புதைத்தல், எரித்தல்.”
மூன்றாவது கட்டத்தைப் பேனையால் நானே கீறினேன்.
கொஞ்சம் கோணலாய் வந்தது.

கட்டாரிலிருந்து மகன்:
“அம்மா, ஊருக்குள்ள சொல்லிப்போடாதீங்க.”

இஸ்மாலெவ்வை மட்டும்
வேலை தெரிந்தவரின் கேள்வியைக் கேட்டார்:
“சரி. மறுகா, உங்கள ஆர் புரட்டுற?”

புரட்டத்தான் வேண்டும்.
காற்றுப் படாவிட்டால் நாறும், நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.
அவருக்கு என்னைவிட ஒன்பது வயது கூட.
மகனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது.

பதில் சொல்லாமல்
புதுக் குவியலுக்குள் கம்பியைச் செருகினேன்.
ஏறாவூர்ச் சந்தையின் பூசணித் தோல், வாழைத்தண்டு,
மீன் செதிள், யாரோ எறிந்த ஒரு கலியாண மாலை.
ஐம்பத்தெட்டு.
இன்னும் ஏறும்.